மரம் ஏறிய மூன்று லெப்சா பையன்கள்

கொல்கத்தாவில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறை என்றால் ஒன்று ஊர், இல்லாவிட்டால் டார்ஜிலிங். ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைக்காத வருஷமெல்லாம் டார்ஜிலிங் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-) டைகர் ஹில்லில் சூரிய உதயம், பொம்மை ரயில், இரண்டு பாக்கெட் டீத்தூள். இத்தோடு நம் டூர் முடிந்துவிடும். ஏப்ரலில் போக முடிந்தவர்களுக்கு இன்னொன்றும் கிடைக்கும். மலைச்சரிவுகளில் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். நீலகிரிக்காரர்களுக்கு இந்தக் குடும்பத்து மரம் புதிதல்ல, அங்கும் சிவப்பாகப் பூக்கும்.

அந்தப் பக்கத்துச் செடிகளின் அறிவியல் பெயர்களைப் படித்துப் பார்த்தால் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர் பட்டியல் மாதிரி இருக்கும். மக்னோலியா கேம்ப்பெல்லி: டார்ஜிலிங் சூப்பிரண்டாக இருந்த கேம்ப்பெல் பெயரில். ரோடோடென்ட்ரான் ஹாட்ஜ்சோனி: நேபாளத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹாட்ஜ்சன் பெயரில். ஃபால்கனேரி: கல்கத்தா தாவரவியல் தோட்டத்தின் தலைவர் ஃபால்கனர் பெயரில். டல்ஹௌசியே: கவர்னர் ஜெனரலின் மனைவி பெயரில். ஆச்சரியமாக, நம்ம ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கிறார். சிக்கிமின் உயரங்களில் வெளிர் மஞ்சளாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் வைட்டி, கோயம்புத்தூரில் பருத்தி சோதனைகள் நடத்திய ராபர்ட் வைட் நினைவாக வைத்த பெயர்.

பெயர் வைத்தவர்கள், பெயர் பெற்றவர்கள் எல்லாம் சரி. பூவைப் பறித்தது யார்? இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

ஜோசப் டால்டன் ஹூக்கர் 1848 ஜனவரியில் கல்கத்தாவில் வந்து இறங்கினார். வயது முப்பது. அப்பா வில்லியம் ஹூக்கர் லண்டன் க்யூ தோட்டத்தின் இயக்குநர். பிள்ளை ஏற்கெனவே அண்டார்டிகா கப்பல் பயணம் முடித்தவர், டார்வினின் நண்பர். ஏப்ரலில் டார்ஜிலிங் போய்ச் சேர்ந்தார். அந்த வருஷம் அக்டோபர் கடைசியில், ஜங் பகதூரின் அனுமதியோடு, கிழக்கு நேபாளத்துக்குள் புறப்பட்டார். தன்னோடு வந்தவர்களை அவர் தன் பயண நூலில் கணக்காக எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த பக்கம் அதுதான்.

மொத்தம் 56 பேர். கூடாரம், கருவிகள், படுக்கை, துணிப்பெட்டி, புத்தகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள். செடி உலர்த்தும் தாள்களையும் மற்ற அறிவியல் சாமான்களையும் சுமக்க மட்டும் ஏழு பேர். நேபாளக் காவலர்கள். ஒரு மொழிபெயர்ப்பாளர், கூலிகளுக்கு ஒரு சர்தார். செடி சேகரிப்பவர்களுக்குத் தலைவர் ஒருவர், அவர் லெப்சா. ஹாட்ஜ்சன் அனுப்பிய, பறவைகளைச் சுட்டுத் தோல் உரித்துப் பஞ்சு அடைப்பவர்கள். அரிசி, நெய், எண்ணெய், மிளகாய், உப்பு, மாவு சுமந்து வந்த பதினாலு பேர். இவர்களுக்கு நடுவில் மூன்று லெப்சா பையன்கள். அவர்களுக்கு இரண்டு வேலை: மரம் ஏறுவது, செடித்தாள் மாற்றுவது.

நான் சிவில் எஞ்சினியர். சைட்டில் சர்வே எடுத்தால் ரிப்போர்ட்டில் என் கையெழுத்து இருக்கும். முள்ளுக்குள் இறங்கி ஸ்டாஃபை நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பவரின் பெயர் மஸ்டர் ரோலில் மட்டும்தான் இருக்கும். அவர் கை ஆடினால் என் கணக்கு தப்பு. அதனால் இந்த 56 பேர் பட்டியலைப் படித்தபோது எனக்கு அது ஒரு மஸ்டர் ரோலாகவே தெரிந்தது. அதிலும் அந்தப் பையன்களுக்கு எண்ணிக்கை உண்டு, பெயர் இல்லை.

அவர்கள் செய்தது சின்ன வேலையா? பார்க்கலாம்.

முதலில் மரம் ஏறுவது. அந்த டல்ஹௌசி அம்மையார் பெயர்கொண்ட ரோடோடென்ட்ரான் பெரும்பாலும் தரையில் வளர்வதில்லை. ஓக், மக்னோலியா மாதிரி பெரிய மரங்களின் கிளையில் தொற்றிக்கொண்டு, லில்லி போல வெள்ளையாகப் பூக்கும். கீழே நிற்பவருக்கு உதிர்ந்த பூ கிடைத்தால் அதிர்ஷ்டம். பூ, இலை, காய் மூன்றும் சேர்ந்த கிளை வேண்டும் என்றால் பாசி படர்ந்து, மழையில் வழுக்கும் மரத்தில் யாராவது ஏறித்தான் ஆகவேண்டும். சிக்கிம் காடுகளில் ஆர்க்கிட்களும் இப்படித்தான், பாதித் தாவரவியல் தலைக்கு மேலே இருக்கிறது.

இரண்டாவது, தாள் மாற்றுவது. ஸ்கூல் பிராஜெக்டுக்காகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இலை உலர்த்தியவர்களுக்கு இது புரியும். ஜூலை மாதக் கொல்கத்தாவில் பழைய பேப்பருக்கு நடுவில் நான்கு இலையை வைத்து, மேலே டிக்‌ஷனரியை ஏற்றிவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் பூஞ்சைதான் மிச்சம். செடியில் உள்ள ஈரத்தைத் தாள் உறிஞ்ச வேண்டும். ஈரமான தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாள் வைக்க வேண்டும். எடுத்த தாளை நெருப்பில் காயவைக்க வேண்டும். அடுத்த நாள் மறுபடியும், செடி காயும்வரை. ஆயிரக்கணக்கான செடிகளுக்கு, அட்டைக்கடி நடுவில், விறகே நனைந்து கிடக்கும் முகாமில் இதைச் செய்ய வேண்டும். இரண்டு நாள் அசந்தால் ஒரு மாத நடை வீண். ஹூக்கரின் சேகரிப்பு லண்டன் வரை கெடாமல் போய்ச் சேர்ந்ததில் இந்தத் தாள் மாற்றிய கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

பறவை விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பிரையன் ஹாட்ஜ்சன் 1833 முதல் 1843 வரை காட்மாண்டுவில் ரெசிடெண்ட். பதவி பெரிது, ஆனால் காட்மாண்டு பள்ளத்தாக்கை விட்டு இஷ்டத்துக்கு வெளியே போக நேபாள தர்பார் விடாது. காட்டுக்குப் போக முடியாத மனிதர் எப்படி நேபாளத்துப் பறவைகளை உலகுக்குச் சொன்னார்? ஆள் வைத்துத்தான். உள்ளூர் வேட்டைக்காரர்களைப் பழக்கி மலைக்கும் தராய் காட்டுக்கும் அனுப்பினார். தோலை முழுதாக உரித்து, பூச்சி அரிக்காமல் மருந்து தடவி, பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டிக் கொண்டுவருவார்கள். ராஜ் மன் சிங் உள்ளிட்ட நேபாள ஓவியர்களை வீட்டில் வைத்துப் படம் வரையச் சொன்னார். கோயில் சித்திர மரபில் வந்த கைகள், அலகின் வளைவையும் இறகின் கணக்கையும் அளந்து வரையப் பழகின. ஹாட்ஜ்சன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்த மாதிரிகள் பத்தாயிரத்துக்கும் மேல்.

ஹாட்ஜ்சனிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. புதுப் பறவைக்கு அறிவியல் பெயர் வைக்கும்போது பல இடங்களில் உள்ளூர்க்காரர்கள் சொன்ன பெயரையே எடுத்துக்கொண்டார். யுஹினா, மின்லா, குத்தியா: இன்றைக்கும் உலகம் முழுக்கப் பறவை ஆர்வலர்கள் சொல்லும் இந்தப் பேரினப் பெயர்கள் நேபாளத்தில் வழங்கிய பெயர்களிலிருந்து வந்தவை. அதைச் சொல்லிக் கொடுத்த வேட்டைக்காரரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் வாயிலிருந்து வந்த சொல் மட்டும் லத்தீன் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது.

இதெல்லாம் அறிவு வளர்ந்த கதை மட்டும் அல்ல. இன்னொரு பக்கமும் உண்டு. 1849 நவம்பரில் ஹூக்கரையும் கேம்ப்பெல்லையும் சிக்கிம் திவான் சிறைப்பிடித்தார். சிக்கிம் அரசின் எதிர்ப்பை மீறி திபெத் எல்லைக் கணவாய்கள் வரை இவர்கள் போனதும் ஒரு காரணம். டிசம்பர் 24-ம் தேதி விடுதலை ஆனார்கள். அதற்குத் தண்டனையாக 1850-ல் கம்பெனி சிக்கிமின் தராய் நிலத்தை எடுத்துக்கொண்டது. டார்ஜிலிங்குக்காக வருஷா வருஷம் சிக்கிம் ராஜாவுக்குக் கொடுத்து வந்த 6000 ரூபாயையும் நிறுத்தியது. செடி தேடி வந்தவர் திரும்பிப் போகும்போது நாட்டின் எல்லையே மாறியிருந்தது.

அதே 1850-ல் ஹூக்கர் காசி மலைக்குப் போனார். அது இமயமலை இல்லை, ஆனால் அங்கே நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. நீல வாண்டா என்கிற ஆர்க்கிட்டை க்யூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமை பறித்தார்கள். இங்கிலாந்துக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது மிகக் கொஞ்சம். இடத்தைக் காட்டச் சொல்லித் தோட்டக்காரரைக் கூட அனுப்பிய இன்னொருவர் ஒரே ஒரு ஆள் சுமையை லண்டனுக்கு அனுப்பி 300 பவுன் பார்த்தார். இதையும் ஹூக்கரே எழுதியிருக்கிறார். பின்னால் வந்த வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அந்தப் பூ காட்டில் அரிதாகி, சர்வதேச வியாபாரத்துக்கே கட்டுப்பாடு போட வேண்டி வந்தது.

பறவைக்கும் ஒரு சோகக் கதை உண்டு. இமாலயக் காடை என்று ஒன்று. முசூரி, நைனிடால் பக்கம் மட்டும் கிடைத்தது. 1876-ல் நைனிடால் அருகே ஒன்றைச் சுட்டார்கள். அதற்குப் பிறகு உறுதியாக ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. மியூசியங்களில் உள்ள பத்துப் பன்னிரண்டு தோல்கள்தான் அந்தப் பறவையைப் பற்றி நம்மிடம் உள்ள சாட்சி. சுட்டதால் அழிந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சுட்டிருக்காவிட்டால் அப்படி ஒரு பறவை இருந்தது என்பதே நமக்குத் தெரிந்திருக்காது. இரண்டையும் ஒன்றாகத்தான் விழுங்க வேண்டியிருக்கிறது.

சேகரித்ததில் என்ன பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் 2013-ல் வந்தது. ஹூக்கர் 1849-50-ல் சிக்கிமில் எந்தச் செடி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று குறித்து வைத்திருந்தார். பாரோமீட்டரும், தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தை வைத்து உயரம் கணக்கிடும் தெர்மாமீட்டரும் ஆட்களின் முதுகில் அந்த உயரம் வரை போயின. 2007 முதல் 2010 வரை இந்திய ஆய்வாளர்கள் அதே இடங்களில் ஏறி, அங்கு மட்டுமே வளரும் 124 இனங்களை மறுபடி தேடினார்கள். 87 சதவீத இனங்கள் இடம் மாறியிருந்தன. மலை சூடாகச் சூடாகச் செடிகள் மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. நூற்றறுபது வருஷத்துக்கு முந்தைய சீட்டு இல்லாவிட்டால் இதை அளந்திருக்க முடியாது. உச்சிக்குப் போன செடி அதற்கு மேல் எங்கே ஏறும் என்ற கேள்விதான் இப்போது நம் தலைமேல் நிற்கிறது.

சட்டமும் மாறிவிட்டது. 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. 2008-ல் டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில் சிங்கலீலா தேசியப் பூங்காவில் அனுமதியில்லாமல் பூச்சி பிடித்த இரண்டு செக் நாட்டவர்களைக் கைது செய்து, கோர்ட் குற்றவாளிகள் என்று தீர்ப்பு சொன்னது. ஹூக்கர் காலத்தில் சிக்கிம் ராஜாவால் செய்ய முடியாததை இன்றைய வனத்துறை செய்கிறது.

சட்டம் சரிசெய்யாத ஒன்று பாக்கி இருக்கிறது, பெயர். அது முடியாத காரியம் இல்லை. ரோடோடென்ட்ரான் வைட்டி என்று சொன்னேனே, அந்த ராபர்ட் வைட் மதராஸ் பக்கத்துச் செடிகளுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் வெளியிட்டார். அவருக்கு வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து. வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவியா என்று தன் ஓவியர் பெயரையே வைத்தார். பிற்பாடு வகைப்பாடு மாறி அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லாமல் போனது வேறு விஷயம். மனசு இருந்தால் அந்தக் காலத்திலும் முடிந்திருக்கிறது என்பதுதான் செய்தி.

கொல்கத்தாவில் இருப்பவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் போயிருப்பீர்கள். ஆலமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். அதே வளாகத்தில் உள்ள மத்திய ஹெர்பேரியத்தில் சுமார் இருபது லட்சம் உலர்ந்த செடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சீட்டிலும் இடம், தேதி, சேகரித்தவர் என்று மூன்று விவரம் இருக்கும். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த மூன்றாவது இடத்தில் ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். அங்கே எழுதியிருக்கும் துரையோடு கூட, ஏழு பேர் தாள் சுமந்தார்கள், ஒரு லெப்சா பெரியவர் செடி காட்டினார், மூன்று பையன்கள் ஏறினார்கள் என்று சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் எண்ணிக்கை தெரியும். அதையாவது விடாமல் சொல்லலாம்.