முறுக்குவிசை

டிராக்டர் வாங்கப் போனால் முதல் கேள்வி, "எத்தனை எச்.பி.?" குதிரைத்திறன் அவ்வளவு பழகிப்போன சொல். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தைக் குதிரையோடு ஒப்பிட்டு விற்கப் பிடித்த அளவு அது. மெட்ரிக் கணக்கில், 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் திறன்.

என்ஜினின் முறுக்கைக் குறிக்கும் 'டார்க்' என்ற சொல் அதற்கு இளையது. ஆங்கிலத்தில் 1884 வாக்கில் அச்சேறியது. வேர், 'முறுக்கு' எனப் பொருள்படும் லத்தீன் வினை. நம் பள்ளி இயற்பியல் நூல் 'திருப்பு விசை' என்கிறது. வண்டித் தொழிலில் 'முறுக்குவிசை'. கறாராகப் பார்த்தால் இரண்டுமே சற்றுப் பிசகு: இது வெறும் விசையல்ல, விசையையும் ஆரத்தையும் பெருக்கியது. அலகு நியூட்டன்-மீட்டர். பென்னலூரின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பொறியியல் கல்லூரி மாணவருக்கு இது பாலபாடம். ஒரகடம் சாலை லாரி ஓட்டுநருக்குக் கால் பழக்கம்.

திறன் என்பது முறுக்கையும் சுழல்வேகத்தையும் பெருக்கியது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 140 நியூட்டன்-மீட்டர் தரும் என்ஜின் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். கலப்பை இறுகிய களியில் சிக்கிச் சுற்று 1,200க்கு இறங்கும்போது முறுக்கு 170க்கு ஏறினால், திறன் 29 ஆகக் குறைந்தும் வண்டி நிற்காமல் இழுக்கும். உழவுக்கு வேண்டிய இந்தக் கையிருப்பு விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் வருவதில்லை. கேட்டு வாங்க வேண்டியது, அதிகபட்ச முறுக்கு எந்தச் சுற்றில் கிடைக்கிறது என்பதை.