ஆழ்கடலில் மூழ்கிய கப்பல்களைத் தேடுதல்

சூரிய ஒளி எட்டாத ஆழத்தில், பெரும்பாலும் 1000 மீட்டருக்கும் கீழே, கடல்தரையில் கிடக்கும் கப்பலின் இடத்தைக் கண்டறியும் பணி. மாலுமிக்கலை, ஒலியியல், கடலியல், நிகழ்தகவுக் கணிதம், ஆவண ஆய்வு எல்லாம் இதில் ஒன்றுசேர்கின்றன. பொதுமக்கள் மனத்தில் இது நீர்மூழ்கி இயந்திரங்களின் சாதனையாகவே பதிந்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான தேடல்களின் போக்கை முதலில் தீர்மானிப்பது, கப்பல் மூழ்குமுன் அதன் அதிகாரி குறித்துவைத்த அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். அந்தக் குறிப்பு எப்படிக் கணிக்கப்பட்டது, அதில் எவ்வளவு பிழை இருக்கலாம், குறித்த நேரத்துக்கும் மூழ்கிய நேரத்துக்கும் இடையில் கப்பல் எவ்வளவு நகர்ந்தது என்பவை தெளிந்தால் தேடவேண்டிய பரப்பு சுருங்கும். தெளியாவிட்டால் எவ்வளவு உயர்ந்த கருவியும் வெறுங்கடலைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

கடலில் இடம் குறித்தல்

அட்சரேகையை அறிவது பழங்காலத்திலிருந்தே மாலுமிகளுக்குக் கைவந்த கலை. வட அரைக்கோளத்தில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அதுவே ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சரேகை. பகலில், உச்சிப்பொழுதுச் சூரியனின் உயரத்தை அளந்து அன்றைய தேதிக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்டால் போதும். அட்சரேகையின் ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் ஒரு கலையே கடல் மைல். அதன் நீளம் 1852 மீட்டர்.

தீர்க்கரேகைதான் நூற்றாண்டுகளாகப் பிடிகொடுக்காமல் இருந்தது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால், இருக்கும் இடத்தின் நேரத்துக்கும் கிரீனிச் போன்ற ஒரு நிலையான இடத்தின் நேரத்துக்கும் உள்ள வேறுபாடே தீர்க்கரேகை. ஆடும் கப்பலில் மாதக்கணக்கில் சரியான நேரம் காட்டும் கடிகாரம் அன்று இல்லை. 1707இல் கிளவுட்ஸ்லி ஷவல் தலைமையில் நாடு திரும்பிய பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் தம் இடத்தைத் தவறாகக் கணித்ததால் சில்லித் தீவுகளின் பாறைகளில் மோதி அழிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தீர்க்கரேகையைக் கணிக்க வழி கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. தச்சராக இருந்து கடிகாரம் செய்யக் கற்ற ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம் 1761இல் ஜமைக்காவுக்குக் கப்பலேறிச் சோதனையில் வென்றது. குரோனோமீட்டர் என்று பெயர் பெற்ற இத்தகைய கடிகாரங்களும், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவியும் அடுத்த இருநூறு ஆண்டுகள் கடலை ஆண்டன. கடிகாரம் நான்கு விநாடி பிசகினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல் பிசகும்.

செக்ஸ்டன்டால் அளக்க அடிவானமும் விண்பொருளும் ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரியவேண்டும். அதனால் நட்சத்திரங்களை அந்தி, விடியல் வேளைகளில் மட்டுமே அளக்க முடியும். மேகம் மூடினால் அதுவும் இல்லை. இடைப்பட்ட நேரத்தில், கடைசியாக உறுதியான இடத்திலிருந்து கப்பலின் வேகம், திசை, கடந்த நேரம் ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்டி இப்போதைய இடத்தை மதிப்பிடுவார்கள். நீரோட்டமும் காற்றும் இந்தக் கணக்குக்குள் சரியாக அடங்குவதில்லை. மணி ஆக ஆகப் பிழை வளரும். கப்பல்கள் மூழ்குவதோ பெரும்பாலும் புயலிலும் இரவிலும் போரிலும். அதாவது, வானத்தைப் பார்த்து இடம் குறிக்க முடியாத வேளைகளில்.

டைட்டானிக்கின் பதின்மூன்று மைல்

1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிமலையில் மோதிய பின், நான்காம் அதிகாரி ஜோசப் பாக்ஸ்ஹால் கணித்துக் கொடுத்த இடம் வடக்கு 41°46′, மேற்கு 50°14′. மாலை 7:30 மணியளவில் எடுத்த நட்சத்திர அளவையிலிருந்து கப்பலின் வேகத்தையும் திசையையும் கொண்டு முன்னோக்கிக் கணக்கிட்டு அவர் அதைப் பெற்றார். அந்த எண் கம்பியில்லாத் தந்தியில் அட்லாண்டிக் முழுவதும் பரவியது. மேற்கிலிருந்து விரைந்த மவுண்ட் டெம்பிள் கப்பல் அங்கே பனிக்கட்டிகளைத் தவிர எதையும் காணவில்லை. தென்கிழக்கிலிருந்து வந்த கார்பாத்தியா, அந்த இடத்தை அடையும் முன்பே வழியில் உயிர்காப்புப் படகுகளைச் சந்தித்தது. எழுநூறு பேருக்கும் மேல் உயிர் பிழைத்ததில் இந்தத் திசைப் பொருத்தத்துக்கும் பங்கு உண்டு.

உண்மையில் கப்பல் கிடந்தது சுமார் 13 கடல் மைல் கிழக்கு-தென்கிழக்கில். பாக்ஸ்ஹாலின் கணக்கு எங்கே பிசகியது என்பது இன்றும் விவாதப்பொருள். குளிரிலும் குழப்பத்திலும், சில நிமிடங்களில் போட்ட கணக்கு அது என்பதை அவரைக் குறைகூறுவோர் மறந்துவிடக் கூடாது.

1980களின் தொடக்கத்தில் டெக்சஸ் எண்ணெய்த் தொழிலதிபர் ஜாக் கிரிம் மூன்று முறை கப்பல் அனுப்பித் தேடியும் கிடைக்கவில்லை. 1985இல் பிரான்சின் இஃப்ரமர் நிறுவனமும் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனமும் கைகோத்தன. பிரெஞ்சுக் குழு முதலில் ‘லெ சுருவா’ கப்பலிலிருந்து, ஒலியால் கடல்தரையைப் பார்க்கும் சோனார் கருவியை இழுத்துப் பெரும்பரப்பை விலக்கியது. பிறகு வுட்ஸ் ஹோலின் ராபர்ட் பல்லார்டும் இஃப்ரமரின் ழான்-லூயி மிஷெலும் ‘நார்’ கப்பலிலிருந்து ‘ஆர்கோ’ என்னும் ஒளிப்படக் கருவியைக் கடல்தரையை ஒட்டி இழுத்தனர். பல்லார்ட் அதற்கு முன் அமெரிக்கக் கடற்படைக்காக, மூழ்கிய ‘த்ரெஷர்’, ‘ஸ்கார்பியன்’ அணு நீர்மூழ்கிகளின் சிதைவுகளை ரகசியமாக ஆராய்ந்திருந்தார். உடைந்து மூழ்கும் கலத்தின் கனமான பாகங்கள் நேராக இறங்க, இலேசானவற்றை நீரோட்டம் தள்ளிக்கொண்டு போகும்; ஆகவே தரையில் ஒரு நீண்ட சிதறல் தடம் விழும் என்பதை அங்கே கற்றார். கப்பலைத் தேடுவதைவிடத் தடத்தைத் தேடுவது எளிது. தடத்தின் குறுக்கே ஏறத்தாழ ஒரு மைல் இடைவெளியில் கோடுகளைப் போட்டு, 1985 செப்டம்பர் 1 அதிகாலையில் ஒரு கொதிகலனைத் திரையில் கண்டனர். ஆழம் சுமார் 3800 மீட்டர். முன்பாகமும் பின்பாகமும் சுமார் 600 மீட்டர் விலகிக் கிடந்தன.

ஒலியால் பார்த்தல்

ஒளியும் வானொலி அலையும் கடல்நீரில் வெகுதூரம் செல்வதில்லை. ஒலியோ விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் பல கிலோமீட்டர் பயணிக்கும். டைட்டானிக் மூழ்கிய அதே 1912இல், நீருக்கடியில் எதிரொலியைக் கொண்டு பனிமலைகளை அறியும் முறைக்குப் பிரிட்டனின் லூயிஸ் ரிச்சர்ட்சன் காப்புரிமை கோரினார். 1914இல் ரெஜினால்ட் ஃபெசன்டன் நியூஃபவுண்ட்லாந்து அருகே பனிமலையிலிருந்து எதிரொலியைப் பெற்றுக் காட்டினார். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைப் பிடிக்க, பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகங்களால் உயர் அதிர்வெண் ஒலியை எழுப்பினார். போருக்குப் பின் எதிரொலிமானி கடலாய்வுக்கு வந்தது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றால் ஓர் ஆழத்தை அளக்க மணிக்கணக்கானது போய், ஜெர்மனியின் ‘மெட்டியோர்’ கப்பல் 1925 முதல் 1927 வரை தென் அட்லாண்டிக்கில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அளவைகளை எடுத்தது.

கப்பல் தேடலில் திருப்பம் தந்தது 1960களில் உருவான பக்கவாட்டு சோனார். ஹரோல்ட் எட்ஜெர்ட்டனும் மார்ட்டின் கிளைனும் இதில் முன்னோடிகள். இரு பக்கமும் விசிறியாக ஒலியை வீசி, தரையிலிருந்து திரும்பும் எதிரொலியின் வலிமையை வரிவரியாகப் பதிவதால் கடல்தரை ஒரு படமாகத் தெரிகிறது. இரும்பு பளிச்சென்றும் சேறு மங்கலாகவும் விழும். எழுந்து நிற்கும் பொருளுக்குப் பின்னே ஒலி எட்டாத நிழல் விழும். நிழலின் நீளத்திலிருந்து பொருளின் உயரத்தைக் கணக்கிடலாம். அனுபவமுள்ளவர்கள் பொருளைவிட அதன் நிழலைத்தான் அதிகம் நம்புவார்கள், ஏனெனில் பாறைக்கும் கப்பலுக்கும் வித்தியாசம் அதில்தான் தெரியும்.

அதிர்வெண் குறைந்தால் ஒலி தொலைவு செல்லும், நுணுக்கம் போய்விடும். கூடினால் நுணுக்கம் வரும், ஆனால் சில நூறு மீட்டரில் ஒலி தேய்ந்துவிடும். எனவே கருவி தரைக்கு அருகில் செல்லவேண்டும். 4000 மீட்டர் ஆழத்துக்கு அதைவிட இருமடங்கு நீளமான கம்பிவடத்தில் கட்டி, மனிதன் நடக்கும் வேகத்தில் இழுக்கவேண்டும். உழவுச் சால்களைப் போல இணைகோடுகளாகக் கடலைக் கடக்கும் இந்த வேலையில், ஒவ்வொரு கோட்டின் முனையிலும் கப்பலைத் திருப்பி வடத்தை நேராக்கவே பல மணிநேரம் ஆகும். காந்தமானியும் பயன்படுவதுண்டு, ஆனால் இரும்பின் காந்தப்புலம் தொலைவு கூடக்கூட வெகுவேகமாகக் குறைவதால், பெரும்பரப்புத் தேடலில் அதற்கு இடம் சிறிது.

செயற்கைக்கோள் வழிகாட்டல் 1990களில் முழுமை பெற்றபின் மேலே மிதக்கும் கப்பலின் இடம் சில மீட்டர் துல்லியத்தில் தெரிந்தது. கீழே இருக்கும் கருவிக்கு அந்த வசதி இல்லை. தரையில் இறக்கி வைத்த ஒலிவிடை கருவிகளிலிருந்து தொலைவுகளை அளந்தோ, கப்பலிலிருந்தே கோணமும் தொலைவும் அளந்தோ அதன் இடத்தை அறிகிறார்கள். வெப்பம், உப்பு, அழுத்தம் மாறினால் ஒலியின் வேகமும் மாறும் என்பதால் முதலில் அந்த நீரின் தன்மையை மேலிருந்து கீழ்வரை அளந்துகொள்ளவேண்டும். இன்று தானியங்கி நீர்மூழ்கி வாகனங்கள் வடமின்றி இறங்கி, சுழல்மானிகளையும் தரை நோக்கிய டாப்ளர் ஒலிமானியையும் கொண்டு, எவ்வளவு தூரம் எத்திசையில் வந்தோம் என்று தாமே கூட்டிக்கொள்கின்றன. பழைய மாலுமிகளின் கணக்குமுறையேதான் இது. 2018இல் அர்ஜென்டினாவின் ‘சான் ஹுவான்’ நீர்மூழ்கியை 907 மீட்டர் ஆழத்தில் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் இத்தகைய பல வாகனங்களை ஒரே சமயத்தில் இறக்கிக் கண்டுபிடித்தது.

நிகழ்தகவு வரைபடம்

1968 மே மாதம் ‘ஸ்கார்பியன்’ 99 பேருடன் மறைந்தபோது, அட்லாண்டிக்கின் நீரடி ஒலிவாங்கிகளில் பதிவான ஓசைகளே தொடக்கத் தடயம். அமெரிக்கக் கடற்படையின் ஜான் கிரேவன் வல்லுநர்களிடம் பல சாத்தியங்களைக் கொடுத்து, எது எவ்வளவு நம்பத்தக்கது என்று எடை போடச் சொன்னார். பேயஸ் தேற்றத்தின்படி அவற்றை இணைத்து, கடலைக் கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வாய்ப்பு மதிப்பு தரப்பட்டது. ஒரு கட்டத்தைத் தேடிக் கிடைக்காவிட்டால் அதன் மதிப்பு குறையும், ஆனால் பூச்சியமாகாது. மற்றவற்றின் மதிப்பு உயரும். வெறுங்கையோடு திரும்பிய நாளும் இப்படிக் கணக்கில் ஏறுகிறது. இம்முறையின் மேன்மை அதுவே. அவ்வாண்டு அக்டோபரில் ‘மிசார்’ கப்பல் அசோர்ஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே சுமார் 3000 மீட்டர் ஆழத்தில் நீர்மூழ்கியைக் கண்டது. 1857இல் தங்கத்துடன் புயலில் மூழ்கிய ‘சென்ட்ரல் அமெரிக்கா’ கப்பலுக்கும், தப்பியோரின் வாக்குமூலங்களையும் அவ்வழியே சென்ற கப்பல்களின் குறிப்புகளையும் கொண்டு லாரன்ஸ் ஸ்டோன் இதே போன்ற வரைபடம் தயாரித்தார், 1988இல் சுமார் 2200 மீட்டர் ஆழத்தில் அது கிடைத்தது.

ஆவணங்கள் சொன்னவை

ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் ‘சிட்னி’ 1941 நவம்பர் 19 அன்று ஜெர்மனியின் ‘கோர்மொரான்’ போர்க்கப்பலுடன் மோதி, 645 பேரோடு ஒருவரும் மிஞ்சாமல் மறைந்தது. சாட்சி சொல்ல இருந்தவர்கள், தம் கப்பலையும் இழந்து படகுகளில் தப்பிய எதிரிகளான ஜெர்மன் மாலுமிகள் மட்டுமே. அவர்களின் தலைவர் டெட்மர்ஸ் சொன்ன இடம் தெற்கு 26°, கிழக்கு 111°. எதிரியின் சொல் என்பதாலும் முழு எண்ணாக இருந்ததாலும் பலர் அதைப் பல பத்தாண்டுகள் நம்பவில்லை. படகுகள் மிதந்துவந்த பாதையைப் பின்னோக்கிக் கணக்கிட்டனர். கிம் கிர்ஸ்னர், ஜான் டன் என்ற இரு உளவியலாளர்கள், பிழைத்தோரின் நினைவுகள் எப்படி வேறுபடுகின்றன என்று ஆராய்ந்தனர். 2008 மார்ச்சில் டேவிட் மேர்ன்ஸ் தலைமையில் இரு கப்பல்களும் சுமார் 2500 மீட்டர் ஆழத்தில் கிடைத்தன. ‘கோர்மொரான்’ டெட்மர்ஸ் சொன்ன இடத்திலிருந்து பத்து மைலுக்கும் குறைவான தூரத்தில் இருந்தது.

1945 ஜூலை 30 அன்று சில நிமிடங்களில் மூழ்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் ‘இண்டியானாபோலிஸ்’ விஷயத்தில், அதற்கு 11 மணிநேரம் முன் அதைக் கடந்து சென்ற மற்றொரு அமெரிக்கக் கப்பலின் குறிப்பை வரலாற்றாய்வாளர் ரிச்சர்ட் ஹல்வர் எடுத்துக் காட்டியதால் தேடல் பகுதி மேற்கே நகர்ந்தது. 2017 ஆகஸ்டில் தொழிலதிபர் பால் ஆலனின் குழு அதை 5500 மீட்டர் ஆழத்தில் கண்டது. கல்கத்தாவிலிருந்து வெள்ளியும் தேயிலையும் ஏற்றிச்சென்ற, இந்திய மாலுமிகள் பலர் பணியாற்றிய ‘கெர்சொப்பா’ 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே மூழ்கடிக்கப்பட்டது. உயிர் பிழைத்தவர் ஒருவரே. 2011இல் 4700 மீட்டர் ஆழத்தில் அது கிடைத்தபின், வெள்ளிக் கட்டிகளோடு வீடுகளுக்கு எழுதப்பட்ட கடிதங்களும் மேலே வந்தன. ஆழ்கடலில் இருந்து எடுக்கப்பட்ட பொருள்களில் அந்தக் கடிதங்களைவிட மதிப்புள்ளவை குறைவு.

மாலுமிக்கலையின் உச்சம் என்று ‘எண்டியூரன்ஸ்’ கப்பலையே சொல்லவேண்டும். அண்டார்க்டிகாவின் வெட்டெல் கடலில் பனியால் நொறுங்கி 1915 நவம்பர் 21 அன்று அது மூழ்கியது. அன்று வானம் தெளிவாக இல்லை. கேப்டன் ஃபிராங்க் வொர்ஸ்லி மறுநாள் கிடைத்த சூரிய அளவையிலிருந்து, பனித்தட்டு நகர்ந்த வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டு, தெற்கு 68°39′30″, மேற்கு 52°26′30″ என்று எழுதினார். அவரது குரோனோமீட்டர்கள் மாதக்கணக்கில் திருத்தப்படாதவை. அதற்கு முந்திய குளிர்காலத்தில் நிலவு நட்சத்திரங்களை மறைக்கும் தருணங்களைக் கவனித்தே அவற்றின் பிழையை அறிந்திருந்தார்கள். 2022 மார்ச் 5 அன்று ‘அகுல்லாஸ் 2’ என்ற தென்னாப்பிரிக்கக் கப்பலிலிருந்து இறங்கிய வாகனம், அந்த இடத்துக்குச் சுமார் நான்கு மைல் தெற்கே, 3008 மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டது. மரம் அரிக்கும் புழுக்கள் இல்லாத குளிர்நீரில் பின்புறத்தில் பெயர் எழுத்துகள் தெளிவாக இருந்தன.

இப்படி ஓர் எண்ணும் எஞ்சாத கப்பல்களும் உண்டு. 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப்டவுனுக்குப் புறப்பட்ட ‘வராட்டா’ 211 பேரோடு காணாமல் போனது. அதில் கம்பியில்லாத் தந்தி இல்லை. எம்லின் பிரவுன் என்ற தென்னாப்பிரிக்கர் பல ஆண்டுகள் தேடி, 1999இல் கண்டுவிட்டதாக நம்பினார். 2001இல் இறங்கிப் பார்த்தபோது அது இரண்டாம் உலகப் போரில் மூழ்கடிக்கப்பட்ட ‘நெய்ல்சீ மெடோ’ என்ற சரக்குக் கப்பல் என்று தெரிந்தது. 2004இல் அவர் தேடலைக் கைவிட்டார்.