மூக்கு, ரத்தம், மூச்சு

ஒருவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டினார் என்பதற்கு என்ன சாட்சி? பக்கத்தில் நிற்பவருக்கு வாடை அடித்தால் போதும் என்றுதான் நமக்குத் தோன்றும். நீதிமன்றத்துக்கு அது போதவில்லை. மூக்கில் தொடங்கி ரத்தத்துக்குப் போய், அங்கிருந்து மூச்சுக்கு வந்து சேர்ந்த நீளமான கதை இது.

1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. வண்டியைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதையில் இருந்தால் குற்றம், அவ்வளவுதான். அந்த 'அளவு' என்ன என்று யார் சொல்வது? அரசு ஆஸ்பத்திரி டாக்டர். வாயில் வாடை வருகிறதா, கண்மணி விரிந்திருக்கிறதா, பேச்சு குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பார்த்து எழுதிக் கொடுப்பார். பச்சுபாய் ஹஸன்அலி கர்யானி வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் பார்த்ததும் இப்படி ஒரு சான்றிதழைத்தான். ரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படவில்லை, இந்த அறிகுறிகளை மட்டும் வைத்து ஒருவர் போதையில் இருந்தார் என்று முடிவுகட்ட முடியாது என்றது நீதிமன்றம். குடித்திருப்பது வேறு, போதையில் இருப்பது வேறு. நம்ம ஊர் டீக்கடை பெஞ்சில் தினமும் நடக்கிற வாதம்தான், 'குடிச்சிருக்கேன், ஆனா ஸ்டெடியா இருக்கேன்'.

ரத்தம் அதற்கு முன்பே வந்துவிட்டது. மதுவிலக்கு அமலில் இருந்த பம்பாய் மாநிலத்தில், 1959இல் சட்டத்தைத் திருத்தி ஓர் எண்ணை எழுதினார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருந்தால், அது மருந்தாலோ வேறு அனுமதிக்கப்பட்ட வழியிலோ வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம்சாட்டப்பட்டவருடையது. 1961இல் மகாராஷ்டிரத்தின் தூலியாவில் ஒரு வண்டி கவிழ்ந்து உயிர் போனது. ஓட்டுநர் உகா கோல்ஹேயின் ரத்தம் ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட்டது. வழக்கு 1963இல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் வந்தபோது, சட்டம் சொன்ன நடைமுறைப்படி எடுக்கப்படாத ரத்தத்தைச் சாட்சியமாக ஏற்கலாமா என்பது முக்கியக் கேள்வி. ஏற்கலாம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. நீதிபதி சுப்பாராவ் மாறுபட்டார். ஆனால் எனக்கு அந்த வழக்கில் பெரிதாகத் தெரிவது வேறு ஒன்று. அந்தக் குப்பி யாரிடம் இருந்தது, எப்படி முத்திரையிட்டார்கள், ஆய்வுக்கூடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்விகள்.

அற்பமான கேள்விகள் இல்லை. எடுத்த ரத்தத்தில் சோடியம் ஃப்ளூரைடு சேர்க்காவிட்டால், நுண்ணுயிர்கள் அதில் ஆல்கஹாலை உண்டாக்கவும் செய்யலாம், தின்று தீர்க்கவும் செய்யலாம். ஊசி போடுமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்தாலே சந்தேகம் கிளப்ப வழி இருக்கிறது. நான் சாஃப்ட்வேர் வேலை செய்கிறவன். ஒரு டேட்டா எந்தெந்தக் கை மாறி வந்தது என்று லாக் இல்லாவிட்டால் அதை நம்ப மாட்டோம். கோர்ட்டும் ரத்தத்திடம் கேட்பது அந்த லாகைத்தான்.

மூச்சு அமெரிக்காவிலிருந்து வந்தது. இந்தியானாவைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954இல் பிரெத்தலைசரைக் கண்டுபிடித்தார். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் 2100 மில்லிலிட்டர் மூச்சில் எவ்வளவு ஆல்கஹால் உண்டோ, அவ்வளவு 1 மில்லிலிட்டர் ரத்தத்தில் இருக்கும் என்பது பொதுவாக எடுத்துக்கொள்ளப்படும் கணக்கு. ஆனால் இது ஒரு சராசரிதான். ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். இப்போதுதான் குடித்தவரின் வாயில் தங்கியிருக்கும் மிச்சமும் அளவைக் கூட்டிக் காட்டும், அதனால்தான் சுமார் 15 நிமிஷம் காத்திருந்து ஊதச் சொல்வது நல்ல நடைமுறை. இந்தியாவில் 1988ஆம் வருடச் சட்டம் முதலில் 'எவ்வளவு குறைவாக இருந்தாலும்' குற்றம் என்றது. 1994 திருத்தம்தான் 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் என்ற எல்லையையும், அதைப் பிரெத் அனலைசரில் கண்டுபிடிக்க வேண்டும் என்பதையும் எழுதியது.

அந்த வரியே ஓட்டையும் ஆனது. ஊதாமல் ஓடிவிட்டால்? 1999 ஜனவரியில் டெல்லியில் சஞ்சீவ் நந்தா ஓட்டிய பிஎம்டபிள்யூ கார் மோதி ஆறு பேர் இறந்தார்கள். ரத்தம் எடுத்தது பல மணி நேரம் கழித்து. பிரெத் அனலைசர் சோதனையே நடக்கவில்லையே என்ற வாதம் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. சம்பவ இடத்திலிருந்து தப்பிப் போனவர், அங்கேயே தன்னைச் சோதிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள முடியாது. 2002இல் பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கியவர் இறந்த சல்மான் கான் வழக்கில் நேர்மாறாக நடந்தது. ரத்த மாதிரி எடுத்ததிலும் பாதுகாத்ததிலும் சந்தேகங்கள் இருக்கின்றன என்று கண்டு, 2015 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2019 திருத்தம் 'ஆய்வுக்கூடச் சோதனை உட்பட வேறு எந்தச் சோதனையிலும்' என்று சேர்த்து அந்த ஓட்டையை அடைத்தது.

இப்போது பழவேற்காடு ஏரிக்கரைக்கு வருவோம். தோணிரேவு மாதிரி ஒரு மீனவ ஊரிலிருந்து பைக்கில் பொன்னேரிப் பக்கம் போகும் ஒருவர் மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அபராதம் 10,000 ரூபாய். இறால் சரியாகப் படாத வாரத்தில் அது பெரிய தொகை. சட்டம் அவருக்குச் சில பாதுகாப்புகள் கொடுத்திருக்கிறது. கைதுசெய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். கருவியைக் கடைசியாக எப்போது அளவு சரிபார்த்தார்கள் என்று அவர் கோர்ட்டில் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு வக்கீல் வேண்டும், வாய்தாவுக்கு அலைய நாள் வேண்டும், அத்தனை நாளும் வலை கரையில் கிடக்கும். 'ஒத்துக்கிட்டுக் கட்டிட்டுப் போயிடலாம் அண்ணே' என்பதுதான் அவருக்குக் கட்டுப்படியாகிற நீதி.

பழவேற்காட்டில் பாடு என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. முறை எல்லோருக்கும் தெரியும் என்பதால்தான் அதற்கு எல்லோரும் கட்டுப்படுகிறார்கள். அந்தக் கருவியின் திரையில் வரும் எண்ணுக்கு இந்தக் குணம் இல்லை. ஊதியவருக்கு எண் மட்டும்தான் தெரியும், கணக்கு தெரியாது.

குடித்துவிட்டு ஓட்டுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நடைபாதையில் தூங்கியவர் செத்தார், கேள்வி கேட்கப் பணம் உள்ளவருக்கு ரத்தக் குப்பி பதில் சொல்லவில்லை. குப்பியை ஒழுங்காக முத்திரையிட்டிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு உண்மை என்ன என்றாவது தெரிந்திருக்கும். கருவியைச் சரிபார்த்த சீட்டை ஊதியவர் கையிலும் ஒன்று கொடுத்தால், பைக்காரரும் எதை ஒத்துக்கொள்கிறோம் என்று தெரிந்து ஒத்துக்கொள்வார். அறுபது வருடமாக நீதிமன்றங்கள் கேட்டு வாங்கிய கேள்விகள் எல்லாம் சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கேட்க வசதி உள்ளவர்கள் மட்டும் அவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.