முடிந்திருக்கப்போகும் காலம்: பிரெஞ்சு வினைவடிவம் ஒன்றின் வரலாறு

விக்தோர் யூகோ 1851 டிசம்பரில் பிரான்சை விட்டு வெளியேறி, 1870 செப்டம்பரில் பாரிசுக்குத் திரும்பினார். இச்செய்தியைப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஒருவர் எளிய இறந்தகால வினையால் கூறலாம். 'ஓரா பஸ்ஸே' என்னும் வடிவத்தாலும் கூறலாம். பின்னதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், 'யூகோ ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகளை நாடுகடந்து கழித்திருப்பார்' என்று அமையும். மூலத்தில் ஐயத்திற்கு இடமில்லாத முடிவுரையாக இருந்தது, தமிழில் வெறும் ஊகமாகிவிடுகிறது. வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் ஆசிரியரின் உறுதியையே மாற்றிவிடும் ஆபத்து உண்டு. பிரெஞ்சு இலக்கணம் 'ஃபுதூர் ஆந்தேரியர்', அதாவது முன்நிகழ் எதிர்காலம், என்று பெயரிட்டு வழங்கும் இவ்வடிவத்தின் வரலாற்றை அறிந்தால் அப்பிழையைத் தவிர்க்கலாம்.

இலத்தீனில் இப்பொருளுக்குத் தனிச்சொல் வடிவம் இருந்தது. 'பாடுவேன்' என்பதற்குக் 'கன்தாபோ' என்றும், 'பாடி முடித்திருப்பேன்' என்பதற்குக் 'கன்தாவேரோ' என்றும் கூறினர். பேச்சு இலத்தீனில் உயிர்களுக்கு இடையே வரும் 'ப'கரமும் 'வ'கரமும் காலப்போக்கில் ஒன்றாக ஒலிக்கத் தொடங்கின. 'பாடுவான்' எனப் பொருள்படும் 'கன்தாபித்', 'பாடினான்' எனப் பொருள்படும் 'கன்தாவித்' ஆகிய இரண்டையும் செவியால் பிரித்தறிவது அரிதாயிற்று. 'கன்தாவேரோ' வரிசைக்கும் இடர் நேர்ந்தது. தன்மை ஒருமை நீங்கலாக மற்ற இடங்களில் அது வேறொரு விழைவு வினைவரிசையோடு ஏறத்தாழ ஒன்றுபட்டது. அவ்விரண்டும் கலந்த வடிவம் ஸ்பானிய மொழியின் சட்ட நடையிலும், போர்ச்சுகீசிய மொழியின் அன்றாட வழக்கிலும் நிபந்தனைப் பொருளில் இன்றும் எஞ்சியுள்ளது. பிரெஞ்சிலோ அது வழக்கொழிந்தது.

வடிவம் அழிந்தாலும் அப்பொருளைச் சொல்லும் தேவை அழியவில்லை. மக்கள் பேச்சு புதிய கட்டுமானத்தை நாடியது. 'உடையேன்' என்னும் பொருளுடைய 'ஹபேயோ'வைச் செயப்பெயரோடு சேர்த்து, 'கன்தாரே ஹபேயோ', அதாவது 'பாடவேண்டியவனாக உள்ளேன்', என்றனர். கடப்பாட்டைச் சுட்டிய தொடர் மெல்ல எதிர்காலத்தைச் சுட்டலாயிற்று. இரு சொற்களும் ஒட்டி ஒரு சொல்லாயின. ஃப்ரெதெகார் பெயரில் வழங்கும் ஏழாம் நூற்றாண்டு வரலாற்றேட்டில் இதன் தொன்மையான சான்று ஒன்று கிடைக்கிறது. தோல்வியுற்ற பாரசீக மன்னன் 'தரமாட்டேன்' என மறுக்க, பேரரசர் ஜஸ்டினியன் 'தராஸ்', அதாவது 'தருவாய்', என விடையிறுத்தார் என்றும், அதனாலேயே தாராஸ் நகரம் அப்பெயர் பெற்றது என்றும் அந்நூல் கதை சொல்கிறது. ஊர்ப்பெயர் விளக்கம் கற்பனையே. எனினும் புதிய எதிர்கால வினை அன்றே மக்கள் நாவில் இருந்ததற்கு அது சான்று. 842 பிப்ரவரி 14 அன்று எடுக்கப்பட்ட ஸ்ட்ராஸ்பூர்க் உறுதிமொழிகளில், 'காப்பேன்' என்னும் பொருளில் 'சல்வராய்' என்ற வடிவம் தெளிவாகப் பதிவாகியுள்ளது.

அதே 'உடைமை' வினை இறந்தகாலத்தையும் புதுக்கியது. 'எழுதப்பட்ட மடலை உடையேன்' என்னும் பொருளில் வழங்கிய தொடர், நாளடைவில் 'மடலை எழுதியுள்ளேன்' என்று பொருள்படலாயிற்று. இவ்விரு புதுமைகளும் சந்தித்த இடமே முன்நிகழ் எதிர்காலம். துணைவினையை எதிர்காலத்தில் நிறுத்தி, முதன்மை வினையின் இறந்தகால எச்சத்தை அதனோடு சேர்த்தால் வடிவம் நிறைவுறும். 'ஜோரே ஷான்தே' என்றால் 'பாடி முடித்திருப்பேன்'. இதிலுள்ள 'ஓரே' என்பதே 'ஹபேரே', 'ஹபேயோ' என்னும் இரு உடைமைச் சொற்களின் சேர்க்கை. செல்லுதல், வருதல், பிறத்தல், இறத்தல் போன்ற சில வினைகள் 'உடைமை'க்கு மாறாக 'இருத்தல்' வினையைத் துணையாகக் கொள்ளும். 'ஜ ஸ்ரே பார்த்தி' என்றால் 'புறப்பட்டிருப்பேன்'. இவ்வகையில் வரும் எச்சம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப எழுத்தில் மாறும்.

அமைப்பு இவ்வாறு எளிதாயினும், இதனை எக்காலத்தில் அடக்குவது என்பதில் இலக்கணிகள் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. 1660இல் வெளிவந்த போர்-ருவாயல் இலக்கணத்தில் அர்னோவும் லான்ஸ்லோவும் இதனைக் கலப்புக் காலமாகக் கருதினர்: செயல் தன்னளவில் எதிர்காலத்தது, அதன்பின் வரவிருக்கும் மற்றொன்றை நோக்க இறந்தகாலத்தது. 1767இல் தம் பொது இலக்கணத்தை வெளியிட்ட நிக்கோலா போசே ஒரு படி மேலே சென்றார். ஒரு காலத்தின் இயல்பைத் தீர்மானிப்பது, செயலுக்கும் அதனை நோக்கும் புள்ளிக்கும் உள்ள உறவே என்பது அவர் கொள்கை. நோக்கும் புள்ளி எதிர்காலத்தில் இருந்தாலும், செயல் அப்புள்ளிக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. ஆதலால் அவர் இவ்வடிவத்தை இறந்தகால வகைகளுள் ஒன்றாக வைத்தார்.

1947இல் ஹான்ஸ் ரைகன்பாக் இச்சிக்கலைத் தெளிவாக வகுத்தார். பேசும் நேரம், செயல் நிகழும் நேரம், நோக்கும் நேரம் என மூன்றையும் பிரித்தார். இவ்வடிவத்தில் நோக்கும் நேரம் பேசும் நேரத்திற்குப் பிந்தியது. செயல் நோக்கும் நேரத்திற்கு முந்தியது. ஆனால் செயல் பேசும் நேரத்திற்கு முந்தியதா, பிந்தியதா என்பதை இவ்வடிவம் வரையறுப்பதில்லை. வழக்கில் காணும் மூன்று பயன்களும் இவ்வோர் உண்மையிலிருந்தே கிளைக்கின்றன.

முதலாவது, வரிசைமுறை. 'வேலையை முடித்ததும் வருவேன்' என்னும் கருத்தைப் பிரெஞ்சில் கூறும்போது, 'கான்', 'தே க' போன்ற கால இணைப்புச் சொற்களின் பின் 'முடித்ததும்' என்பது முன்நிகழ் எதிர்காலத்தில் வரும். ஆங்கிலம் இங்கே நிகழ்கால வடிவையே கொள்வதால், ஆங்கிலத்தின் வழியே பிரெஞ்சு கற்கும் இந்திய மாணவர் பலரும் இவ்விடத்தில் தடுமாறுகின்றனர். இரண்டாவது, ஊகம். நண்பர் வரவில்லையெனில் 'தொடர்வண்டியைத் தவறவிட்டிருப்பார்' என்கிறோம். செயல் நிகழ்ந்திருந்தால் அது நடந்து முடிந்ததே. ஆனால் உண்மை தெரியவரும் நேரம் இனிமேல்தான் வரும். மூன்றாவது, மதிப்பீடு. யூகோவைப் பற்றிய தொடர் இவ்வகையினது. எழுதுபவர் வருங்காலத் தீர்ப்பின் இடத்தில் தம்மை நிறுத்தி, ஒரு வாழ்வைத் தொகுத்துப் பார்க்கிறார். மறைந்த பெருமக்களைப் பற்றிய பிரெஞ்சு நாளிதழ்க் குறிப்புகளில் இப்பயன் மிகுதி.

தமிழ் இங்கே உதவவும் செய்கிறது, இடறவும் வைக்கிறது. 'பாடியிருப்பேன்' என்பதில் இறந்தகால எச்சமும் எதிர்காலத் துணைவினையும் சேர்ந்திருக்கும் அமைப்பு, பிரெஞ்சு அமைப்புக்கு மிக நெருங்கியது. ஊகப் பொருளும் இரு மொழிக்கும் பொது. ஆனால் 'அழைத்திருந்தால் வந்திருப்பேன்' என்னும் நிறைவேறா நிபந்தனைக்கும் தமிழ் இதே வடிவைக் கொள்கிறது. பிரெஞ்சு அங்கே வேறொரு வினைவரிசையைக் கோருகிறது. தன்மை ஒருமையில் இரண்டுக்கும் எழுத்தளவில் வேறுபாடு இறுதியில் வரும் ஒரு சகரமே. மூன்றாவதான மதிப்பீட்டுப் பொருளோ தமிழ் வடிவுக்கு இயல்பன்று. கால வடிவங்கள் தம் நிலை பிறழ்ந்து வருவது தமிழ் மரபுக்குப் புதிதன்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு ஆகிய காரணங்களால் முக்காலமும் மயங்கி வரலாம் என நன்னூல் வழுவமைதி கூறுகிறது. இன்னும் உண்ணாதவன் 'உண்டேன், வந்தேன்' என்பது எதிர்காலத்தை முடிந்ததாகக் காட்டும் விரைவு. முன்நிகழ் எதிர்காலம் அதே பார்வைக்கெனத் தனி வடிவம் கொண்டது என்று கருதலாம்.

ரொலான் பார்த் 1980இல் வெளிவந்த தம் ஒளிப்பட நூலில் இவ்வடிவத்தின் பெயரை ஒரு படத்தைப் படிக்கும் கருவியாகவே கொண்டார். அமெரிக்க அமைச்சர் சீவர்டைக் கொல்ல முயன்று, தூக்குத் தண்டனையை எதிர்நோக்கியிருந்த லூயிஸ் பெய்னை அலெக்சாண்டர் கார்ட்னர் 1865இல் எடுத்த படம் அது. படத்தில் இருக்கும் இளைஞனுக்கு மரணம் இனி வரவேண்டியது. படத்தைப் பார்ப்பவருக்கோ அது எப்போதோ நடந்து முடிந்தது. இரண்டையும் ஒருங்கே தாங்கும் காலம் பிரெஞ்சில் இதுவே.

ஆகவே இவ்வடிவத்தைப் படிக்கும்போது, செயல் எப்போது நிகழ்ந்தது என்பதோடு, எழுதுபவர் எந்த நேரத்தில் நின்று நோக்குகிறார் என்பதையும் மாணவர் கேட்க வேண்டும். அவ்வாறு கேட்டால் யூகோவைப் பற்றிய தொடருக்கும் தமிழில் வழி உண்டு. 'கழித்திருப்பார்' என்பதைக் கைவிட்டு, 'ஆக, யூகோ நாடுகடந்து கழித்தவை ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள்' என எழுதலாம். அந்த 'ஆக' என்னும் சொல்லில் தொகுத்து நோக்கும் பார்வையும் ஆசிரியரின் உறுதியும் நிலைபெறுகின்றன.