கற்பிட்டி மணலில் அடம்பன் கொடி

"அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை அறியாத ஈழத்தமிழர் இலர். கட்சிகள் கூட்டுச் சேரும்போதெல்லாம் பத்திரிகையாளராகிய எமக்குக் கைகொடுக்கும் தலைப்பு அது. நானும் பலமுறை இட்டிருக்கிறேன். ஆனால் அக்கொடியின் மிடுக்கை நான் அறிந்தது அரசியல் மேடையிலன்று. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டியில், என் சின்னம்மா வீட்டு முற்றத்தில்.

ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த மணல் தீபகற்பம் கற்பிட்டி. வைகாசி தொட்டுச் சோழகக் காற்று மணலை வாரி இறைக்கும். ஆண்டிறுதியில் வங்கக்கடற் புயல்கள் வரும். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்தே சென்றது. 2025 நவம்பரில் வந்த டித்வாவின் வெள்ளத்தைப் புத்தளம் மாவட்டம் எளிதில் மறவாது.

இத்தகைய மண்ணில், வேலியோரம் படர்ந்திருந்த அடம்பனைக் களையெனப் பிடுங்கிவிட்டு, கொழும்பிலிருந்து கொண்டுசென்ற ரோசாச் செடிகளை நட்டவன் நான். அடுத்த சோழகத்தில் ரோசா உப்புக்காற்றில் கருகிற்று. அடிமணல் பறந்து வேலியும் சாய்ந்தது. "அது வெறும் கொடியில்லைத் தம்பி, வேலிக்கே அதுதான் வேலி" என்றார் சின்னம்மா.

கொழும்பு திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன். சங்கப் புலவர் இதனை 'அடும்பு' என்றனர். பிளவுபட்ட இலையை மானின் குளம்புக்கு ஒப்பிட்டது குறுந்தொகை. 1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கிட்ட இலத்தீன் பெயரின் பொருள் 'ஆட்டின் பாதம்'. பல நூற்றாண்டு இடைவெளியில் இருவர் கண்ணும் ஒரே குளம்பைக் கண்டிருக்கின்றன!

இன்னொரு பொருத்தமும் உண்டு. கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை 1667இல் தொடங்கி 1676இல் நிறைவுற்றது. அக்காலத்திலேயே, 1672 முதல் 1677 வரை, ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவர் போல் ஹெர்மன் இலங்கைத் தாவரங்களைச் சேகரித்தார். அச்சேகரத்தைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை எழுதினார். வந்தவர்கள் குறித்துவைத்ததை, இருந்தவர்கள் நாம் களையென்கிறோம்.

அடம்பன் கணுவுக்குக் கணு வேர்விடும். மணல் மூடினால் அதன்மேல் ஏறிப் படரும். அதன் பின்னால் விழுதூன்றி நிற்பது தாழை; அதற்கும் பின்னால் பூவரசும் புன்னையும். கரையோரத் தோட்டத்துக்கு இயற்கை வகுத்த வரிசை இது. இன்று உல்லாச விடுதிகளுக்காக மணல்மேடுகளைச் சமன்செய்வோர் முதலில் அகற்றுவது அந்த முதல் வரிசையைத்தான்.

மாரி தொடங்கியதும் கணுவுள்ள தண்டுகளை வெட்டி, சின்னம்மாவும் நானும் மீண்டும் நட்டோம். இப்போது காலையில் வேலியோரம் முழுதும் இளஊதாப் பூக்கள். வேலியும் நிமிர்ந்தே நிற்கிறது.