கோப்பிக் கறையும் வெளியில கவிட்ட பேணியும்

போன மாசம் எங்கட வாசிப்பு வட்டம் ஒரு தோழியின் வீட்டில் கூடியது. கதை முடிய இரவு பத்து மணியாச்சு. கோப்பி குடிச்ச பன்னிரண்டு கண்ணாடிக் கிளாசையும் அப்படியே விட்டிட்டுப் போனால் அழகில்லை எண்டு கிணத்தடிக்குக் கொண்டுபோய்க் கழுவத் தொடங்கினோம். சவர்க்காரம் போட்டு எவ்வளவு உரஞ்சியும் அடியில் இருந்த மண்ணிறக் கறை போகவில்லை. எங்களில் ஒருவர் இரும்புக் கம்பிச் சுருளை எடுக்கவும் தோழியின் அம்மம்மா திண்ணையில இருந்து சத்தம் போட்டா.

"பிள்ளையள், கிளாசைக் கீறிப் போடாதேங்கோ. உது கோப்பி மட்டுமில்லை, எங்கட தண்ணியும் சேர்ந்த கறை. பழப்புளியைக் கரைச்சு ஊத்தி வையுங்கோ, தன்ரபாட்டில விடும்."

அம்மம்மா சொன்னது சரியான விஞ்ஞானம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அந்தக் கல்லை நம்பித்தான் அமைந்தது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. குடிக்கவும் கழுவவும் தோட்டத்துக்கு இறைக்கவும் அந்தக் கல்லுக்குள் தேங்கிய கிணத்துத் தண்ணிதான். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, கிளாஸ் காயும்போது மெல்லிய வெள்ளைப் படிவாக ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி வழவழப்பானது, அதில் கோப்பி லேசில் ஒட்டாது. ஆனால் இந்தப் படிவு சொரசொரப்பானது. கோப்பியின் நிறப்பொருட்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் ஒரு படை ஏறும். சவர்க்காரம் எண்ணெயைத்தான் எடுக்கும்; சுண்ணாம்பைக் கரைக்கப் புளிப்பு வேணும்.

ஆகவே முறை இதுதான். பழப்புளிக் கரைசலோ, தேசிக்காய்ச் சாறோ, வினாகிரியோ இளஞ்சூட்டுத் தண்ணியில் கலந்து கிளாசில் ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கோ. பிறகு நல்ல தண்ணியில் அலசிப்போட்டு, அப்பச்சோடாவைக் கொஞ்சத் தண்ணியில் குழைத்து மெல்லிய துணியால் தேய்த்தால் மிச்ச மண்ணிறமும் போய்விடும். புளிப்பையும் சோடாவையும் ஒரேயடியாகக் கலந்தால் நுரை பொங்குமே தவிர, ஒன்றை ஒன்று செயலிழக்கச் செய்துவிடும். கம்பிச் சுருள், மணல் இரண்டும் வேண்டாம்: கீறலுக்குள் அடுத்த கறை இன்னும் ஆழமாகப் போகும், கிளாஸ் வெடிப்பதும் அந்தக் கீறலில்தான் தொடங்கும். குளிர்ந்த கிளாசுக்குள் கொதிதண்ணி ஊற்றக்கூடாது. முக்கியமாக, குளோரின் சேர்ந்த வெளிற்றும் திரவத்தை வினாகிரியோடோ தேசிக்காயோடோ கலக்கவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு நஞ்சு.

புளி ஊறும் வரைக்கும் அம்மம்மாவோட கதைச்சுக்கொண்டிருந்தோம். "உங்கட காலத்தில கிளாஸ் இருந்ததோ அம்மம்மா?" எண்டு கேட்டோம்.

"எங்களுக்கு மூக்குப்பேணிதான். அதையும் புளியும் சாம்பலும் போட்டுத்தான் மினுக்கிறது" எண்டா.

மூக்குப்பேணியை இப்ப பலர் அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள். பித்தளையில் செய்து, பக்கத்தில் குருவி மூக்குப் போல ஒரு குழாய் வைத்த பாத்திரம். அண்ணாந்து, உதடு படாமல் ஊற்றிக் குடிக்கலாம். சுத்தம் எண்டு சொல்லித்தான் அதை எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அதே வடிவத்துக்குள் இன்னொரு எண்ணமும் இருக்கிறது: ஒருவருடைய வாய் பட்டது இன்னொருவருக்கு ஆகாது எண்ட எண்ணம்.

கோப்பி இந்தத் தீவில் பெருந்தோட்டப் பயிரானது 19ஆம் நூற்றாண்டில். தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துபோய் அந்தத் தோட்டங்களை உருவாக்கினார்கள். 1869இல் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. கோப்பி வீட்டுக் குடிபானமாக மிஞ்சியது. எங்கட ஊர்களில் மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பித்தூள் இன்றைக்கும் உண்டு. தேத்தண்ணியோ சந்திக்குச் சந்தி கடை போட்டது. அந்தக் கடைகளில் ஒருவர் குடித்த கிளாசைக் கழுவி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். யார், எவர் எண்டு தெரியாத ஆட்கள் ஒரே கிளாசில் குடிக்கிற இடம் அது.

அங்கேதான் யாழ்ப்பாணம் சண்டை பிடித்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்களுக்குப் பல கடைகளில் வாங்கில் இருக்க இடமில்லை. வெளியில் நிற்கவேணும், அல்லது நிலத்தில் குந்தவேணும். அவர்களுக்குத் தேத்தண்ணி சிரட்டையிலும் தகரப் பேணியிலும் போத்தலிலும் கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இரட்டைக் குவளை எண்டு சொல்வதும் இதுதான்.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சாதியைக் காரணம் காட்டிக் கடைகளிலும் பொது இடங்களிலும் ஒருவரைத் தடுப்பது குற்றமாக்கப்பட்டது. சட்டம் புத்தகத்தில் இருந்தது, சிரட்டை கடையில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி, என். சண்முகதாசன் தலைமையிலான சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னெடுப்பில் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் அடித்தது. ஊர்வலம் கலையவில்லை, யாழ்ப்பாணம் முற்றவெளியில் கூட்டம் நடந்தது. அடுத்த வருடம் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி எண்டு தேநீர்க்கடைப் பிரவேசங்கள் நடந்தன. கேட்டது பெரிய விசயமில்லை: அதே வாங்கில், அதே கிளாஸ். அதற்காக வீடுகள் எரிக்கப்பட்டன, ஆட்கள் சுடப்பட்டார்கள், உயிர்கள் போயின. அந்த இயக்கத்தில் முன்னின்ற கே. டானியல் பிறகு 'பஞ்சமர்' நாவலை எழுதினார்.

நாங்கள் இதையெல்லாம் புத்தகத்தில் படித்தவர்கள். அண்டைக்கு இரவு அம்மம்மாவுக்கும் ஆர்வமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவ கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. பிறகு கிணத்தடிப் பக்கம் கையைக் காட்டினா.

"உந்த வேலியோட ஒரு தகரப் பேணி கவிட்டுக் கிடக்கும். தோட்டத்துக்கு வாற ஆக்களுக்கு. அதில ஊத்திக் குடுப்பம். குடிச்சிட்டு அவையளே கழுவிக் கவிட்டிட்டுப் போவினம். நாங்கள் தொடுறேல்லை."

"அது பிழையெண்டு யோசிக்கேல்லையோ அம்மம்மா?"

"ஆர் யோசிச்சது? நல்ல சீனி போட்டுத்தான் குடுத்தனாங்கள்."

எங்களில் ஒருவரும் கதைக்கவில்லை. கடைக்காரரைப் பற்றிக் கதைக்கிறது சுகம். சங்கானையும் நெல்லியடியும் வரலாறு. இந்த வேலி, நாங்கள் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கிணத்தடியில் இருந்து பத்தடி. அம்மம்மா கொடுமைக்காரி இல்லை. எங்களுக்குத் தோசை சுட்டுத் தந்தவ. அதுதான் எங்களைச் சங்கடப்படுத்தியது. சாதியைக் காப்பாற்றக் கொடுமைக்காரர்கள் கனபேர் தேவைப்படவில்லை. சீனி போட்டு அன்பாகக் கொடுத்தவர்களும் அந்தப் பேணியைத் தொடாமல் விட்டார்கள். சாம்பலும் புளியும் எல்லாக் கறையையும் எடுக்கும் எண்டு நன்றாகத் தெரிந்த கைகள்தான் அவை. தகரப் பேணியில் கறை ஏதும் இருந்ததில்லை. அதைக் குடித்தவரே கழுவியிருந்தார்.

இது முடிஞ்ச கதை எண்டு சொல்ல எங்களுக்கும் ஆசை. ஆனால் எங்கட வீடுகளில் வேலைக்கு வாற சிலருக்கு மட்டும் பாவிச்சு எறியிற பிளாஸ்டிக் கப்பில் தேத்தண்ணி போவதை நாங்களே கண்டிருக்கிறோம். கேட்டால் "சுகாதாரம்" எண்டு பதில் வரும். அதே நேரம் வந்திருந்த விருந்தாளிக்குக் கண்ணாடிக் கிளாஸ். அதில் கறை பிடித்தால் புளி போட்டுக் கழுவிக்கொள்கிறோம், சுகாதாரம் கெடுவதில்லை.

அரை மணித்தியாலம் கழிய புளித்தண்ணியை ஊற்றினோம். சோடா போட்டுத் தேய்க்க, பன்னிரண்டு கிளாசும் பளிச்செண்டு வந்தது. துடைத்து ராக்கையில் அடுக்கும்போது ஆர் குடிச்ச கிளாஸ் எது எண்டு எங்களுக்கே தெரியவில்லை.

இதை வாசிக்கிற நீங்கள் உங்கட வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால் ஒருக்கால் கேளுங்கோ: எங்கட வீட்டில அந்தப் பேணி எங்க இருந்தது? சண்டைக்கு இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கவேணும். பிறகு இண்டைக்கு உங்கட வீட்டில் ஆருக்கு எந்தக் கப்பில் போகுது எண்டும் பாருங்கோ. அதை மாத்திறதுக்குச் சட்டமும் ஊர்வலமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.