கூட்டைக் கலைத்தல்: வேடந்தாங்கல் கவுல் முதல் கழுவேலி வரை

1927இல் வெளியான ‘வித் எ கேமரா இன் டைகர்-லேண்ட்’ நூலில் வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் துப்பாக்கிக்கு மாற்றாகக் கேமராவை முன்வைத்தார். கானுயிர்ப் படக்கலையின் வரலாற்றைப் பேசுவோர் பலர் இன்றும் அங்கிருந்தே தொடங்குகிறார்கள்: கேமரா கைக்கு வந்தது, உயிர்வதை நின்றது. இந்த வாசிப்பைப் பறவைகளுக்கும் நீட்டுவது பிழை. சாம்பியனின் புலி இரவில் தன் வழியே நடந்தது. கம்பியில் கால் பட்டுத் தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. பறவைப் படக்கலையோ கூட்டருகே வளர்ந்தது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1890களில் படமெடுத்த காலத்தில் லென்சுக்கு எட்டும் தூரம் குறைவு. எங்கே பறந்தாலும் பறவை திரும்பி வந்தே தீரும் இடம் முட்டை இருக்கும் இடம்தான். அங்கே மறைவிடம் அமைத்துக் காத்திருந்தார்கள். வேட்டையைக் கைவிட்டதால் வந்த கலை என்பதைவிட, அடைகாக்கும் தாயின் தவிப்பை நம்பி வளர்ந்த கலை என்பதே பொருந்தும்.

இந்தியாவில் 1912ஆம் ஆண்டுக் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் தடைக்காலம் குறித்து, கொல்வதையும் பிடிப்பதையும் கட்டுப்படுத்தியது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(16)இல்தான் நான் நின்று பார்க்க விரும்பும் சொல் வருகிறது. ‘வேட்டை’ என்பதன் வரையறைக்குள்ளேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்குகிறது. அந்த இடத்தில் ஆயுதத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சரணாலயத்துக்குள் படமெடுக்க அனுமதி பெறுவதைச் சொல்லும் பிரிவு 28ஐ மட்டும் படித்துவிட்டு, வெளியே தடையில்லை என்று கொள்வோர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வானூர், மரக்காணம் வட்டங்களில் விரியும் கழுவேலி 2021இல்தான் பறவைகள் சரணாலயமானது. ராம்சார் தகுதி 2024இல் கிடைத்தது. அதற்கு முன்பும் அதன் கரையிலிருந்த கூடுகளுக்கு வரையறை பொருந்தியே இருந்தது.

இன்னும் பின்னால் போனால் சான்று மெலிகிறது. திண்டிவனத்துக்கு வடக்கே வேடந்தாங்கலில், சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதாக ஊரார் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் கவுல் எனும் உரிமைப் பத்திரம் அளித்தார் என்பது மரபு. ஊரார் கேட்டது பறவையின் உயிரை மட்டுமா? பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். ஒரு வெடிச்சத்தத்தில் ஏரி மொத்தமும் எழும்பிப் போனால் நட்டம் ஊருக்கு. ஆகவே அவர்கள் கேட்ட உரிமையின் உயிர்நாடி கலையாத ஏரி என்றே கொள்கிறேன். இது ஊகமே, ஆனால் வலுவான ஊகம். சரணாலயத்தின் பிறப்பாண்டாக 1798, 1858, 1936 என மூன்று சொல்லப்படுகின்றன. உரிமையின் தொடக்கம் 1798 என்பேன். சரணாலயத்தின் தொடக்கத்தை முடிவாகச் சொல்ல இயலவில்லை.

வேடந்தாங்கல், கழுவேலிப் பகுதி ஏரிகள் வற்றும் சித்திரையில், வெறும் தரையில் சரளைக் கற்களுக்கிடையே ஆள்காட்டி நான்கு முட்டை இடுகிறது. முட்டையும் மண் நிறம். உச்சி வெயிலில் அது அடைகாப்பதே முட்டை சூடேறாமல் இருக்கத்தான். வயிற்று இறகை நீரில் நனைத்து வந்தும் உட்காரும். ஆளைக் கண்டதும் கத்திக்கொண்டு எழும். ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதையே பெயராகக் கொண்ட பறவை இது; எழுந்ததை அழகிய காட்சி என்று படம்பிடிப்பவர் அந்தப் பெயரையாவது கேட்டிருக்க வேண்டும். எத்தனை நிமிடம் எழுப்பினால் அது கலைத்தல் என்று சட்டம் சொல்லவில்லை. காலை ஏழு மணியின் பத்து நிமிடமும் நண்பகலின் பத்து நிமிடமும் ஒன்றல்ல. படமெடுத்தவர் கேமராவை மூடியதோடு கணக்கு முடிவதுமில்லை; அவர் கரையேறிக் கண்ணுக்கு மறையும் வரை பறவை தரையிறங்குவதில்லை, முட்டைகள் வெயிலில் கிடக்கின்றன.